கரூரில் யாருக்கெல்லாம் தெரியும்?

போன மாதம் இங்கே கலிஃபோர்னியாவில், மில்பிடாஸில் ஒரு ஹாலில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பிரிந்து போகும் தம்பதிக்குக் குழந்தை இருந்தால் இந்த ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பது தலைப்பு. நாற்பது பேர் வந்திருந்தார்கள். ஒன்றரை மணி நேரம் தொண்டை வறளப் பேசிவிட்டு, கேள்வி இருந்தால் கேளுங்கள் என்றேன். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. வடையும் காபியும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள். எல்லாம் நன்றாகப் புரிந்துவிட்டது போலிருக்கிறது என்ற திருப்தியோடு வெளியே வந்தால், என் கார் பக்கத்தில் ஏழு பேர், ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி தனித்தனியாக நின்றிருந்தார்கள்.

முதலில் வந்தவர், "ஆன்ட்டி, இது எனக்கில்ல, என் ஃப்ரெண்டுக்கு" என்று ஆரம்பித்தார். அடுத்தவருக்கும் ஃப்ரெண்டுக்குத்தான். ஏழு பேருக்கும் ஃப்ரெண்டுக்குத்தான். அதில் ஒரு பெண்ணுக்குத் தன் ஃப்ரெண்டின் மகனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது என்பதும், அவன் இடது பக்கமாகப் படுத்தால்தான் தூங்குவான் என்பதும்கூடத் தெரிந்திருந்தது. நானும் ஃப்ரெண்டுக்கே பதில் சொல்லி அனுப்பினேன். அந்த ஃப்ரெண்டுகளுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

குடும்ப நீதிமன்றத்தில் சமரசப் பேச்சு நடத்துபவளாகப் பத்தொன்பது வருடம் வேலை பார்த்து, இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றேன். கோபிச்செட்டிபாளையத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள் நான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மறுபடி காலேஜில் சேர்ந்து, குடும்ப ஆலோசனையில் பட்டம் வாங்கி, ஆயிரக்கணக்கான மணி நேரம் பயிற்சி எடுத்து, பரீட்சை எழுதி, நாற்பத்தைந்து வயதில் இந்த வேலையில் உட்கார்ந்தேன். லிவர்மோரிலிருந்து தினமும் மலை ஏறி இறங்கி ஆபீசுக்குப் போவேன். வளர்மதிக்குக் கோர்ட்டில் வேலை என்று கேள்விப்பட்ட எங்கள் ஊர்ச் சனம், நான் ஜட்ஜ் ஆகிவிட்டதாக ஒரு வருடம் நம்பிக்கொண்டிருந்தது. என் அப்பாவும் அதை மறுக்கவில்லை.

நான் ஜட்ஜும் இல்லை, வக்கீலும் இல்லை. குழந்தை யாரிடம் எத்தனை நாள் இருப்பது என்பதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால், கலிஃபோர்னியாவில் நீதிபதி முன்னால் நிற்பதற்கு முன் என்னைப் போன்ற ஒருவர் எதிரே உட்கார்ந்து பேசியாக வேண்டும். பேசி ஒரு முடிவுக்கு வந்தால் அதை எழுதி நீதிபதிக்கு அனுப்புவோம். அவர் கையெழுத்துப் போட்டால் அது உத்தரவு. பள்ளிக்கூடம், வைத்தியம் மாதிரியான முடிவுகளை யார் எடுப்பது என்பது ஒரு விஷயம். குழந்தை எந்த நாள் எந்த வீட்டில் தூங்குவது என்பது வேறு விஷயம். நம் ஆட்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு, குழந்தை வாரத்தில் மூன்று நாள் அங்கே போனால் தன் உரிமையே போய்விட்டதாக அழுவார்கள்.

விவாகரத்துக்கு இங்கே யார் தப்பு என்று கேட்பதில்லை. இனி சேர்ந்து வாழ முடியாது என்று ஒருவர் சொன்னாலே போதும். அடி உதை, குழந்தைக்கு ஆபத்து என்றால் பேச்சே வேறு. அங்கே இரண்டு பேரையும் தனித்தனி அறையில் வைத்துத்தான் பேசுவோம். மற்றபடி குற்றப்பத்திரிகைக்கு இடமில்லை. இதை நம் ஆட்களால் ஜீரணிக்கவே முடியாது. குபெர்டினோவிலிருந்து வந்த ஒருவர் மனைவியின் குற்றங்களை பைண்டு செய்து, பொருளடக்கம் போட்டு, ஓரத்தில் கலர் கலராகச் சீட்டு ஒட்டிக் கொண்டுவந்தார். மாமியார் ஒரு தீபாவளிக்குக் காபியில் சர்க்கரை போடாமல் கொடுத்தது பக்கம் அறுபத்திரண்டில் இருந்தது. அதை யாரும் படிக்க மாட்டார்கள் என்று சொன்னபோது அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

என் மேலதிகாரி ரூத் இல்லையென்றால் நான் அந்தப் பக்கம் அறுபத்திரண்டைப் படித்து, மாமியார் செய்தது தப்புதான் என்று தீர்ப்பும் சொல்லியிருப்பேன். ரூத் உயரமான கறுப்பினப் பெண்மணி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எங்கள் அறைக்கு வெளியே ஒரு மேசை போட்டிருப்பார். கோப்பு, போன், வக்கீல் கடிதம் எல்லாவற்றையும் அதன்மேல் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். உள்ளே சீவிய பென்சில்கள் மட்டும் இருக்கும். பேனா கூடாது. பேனாவில் எழுதியதை அடிக்க மனிதர்களுக்கு ரோஷம் வரும், பென்சிலில் எழுதியதை அழிக்க வராது என்பார். யாராவது "என் மகன்" என்று சொன்னால் பெயரைச் சொல்லுங்கள் என்று திருத்துவார். அப்பா சனிக்கிழமை குழந்தையைப் பார்க்க வருவார் என்று நான் எழுதினால், 'பார்க்க' என்ற சொல்லை ரப்பரால் அழித்துவிட்டு என்னிடம் திருப்பித் தருவார். பார்க்க வருவது சொந்தக்காரர்கள், அப்பா இருக்க வருகிறார் என்பது அவர் கட்சி.

பேச்சு ஆரம்பிக்கும் முன் இருவருக்கும் ஒரு வெள்ளைத்தாள் கொடுப்பார். குழந்தையின் செவ்வாய்க்கிழமையை எழுதுங்கள் என்பார். எழுந்திருப்பது முதல் தூங்குவது வரை. சனி ஞாயிறில் எல்லாரும் நல்ல அப்பா அம்மா. புதன்கிழமை பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டுவிடும். செவ்வாய்க்கிழமைதான் வேஷம் போடாத நாள் என்பது அவர் கணக்கு. அந்தத் தாளில் மனிதர்கள் பிடிபட்டுவிடுவார்கள். பெரிய கம்பெனியில் நூறு பேரை மேய்க்கிற ஒருவர், "காலை எட்டு: பள்ளி. மாலை ஆறு: வீடு" என்று இரண்டு வரி எழுதிவிட்டுப் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி மூன்றாவது தாள் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் கணவர் எழுந்து போய்விடவில்லை. மனைவி எழுதியதை வாங்கி, எழுத்துக்கூட்டிப் படிப்பவர் மாதிரி நிதானமாகப் படித்தார். அடுத்த தடவை வரும்போது அவர் தாளிலும் பத்து வரி இருந்தது.

குழந்தையை இந்தியாவுக்குக் கூட்டிப் போவது என்றால் அதற்கு ரூத் தயாரித்த தாள் ஒன்று தனியாக இருந்தது. போகும் தேதி, திரும்பும் தேதி, டிக்கெட் நகல், தங்கும் முகவரி, வாரத்தில் எந்த நாள் எத்தனை மணிக்கு வீடியோவில் பேசுவது, பாஸ்போர்ட் யார் கையில். கடைசியாக ஒரு வரி: அந்த வீட்டில் இருக்கும் பெரியவர்களில் இந்த உத்தரவைப் பற்றி யாருக்கெல்லாம் தெரியும், பெயர்களை எழுதவும். அந்த வரி எனக்கு அதிகப்பிரசங்கித்தனமாகப் பட்டது. குடும்ப விஷயத்தை ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்கச் சொல்வானேன் என்று நினைத்தேன். ரூத்திடம் சொல்லவில்லை.

இனி நான் சொல்லப் போவது பன்னிரண்டு வருடத்துக்கு முன் நடந்தது. பெயர்களையும் ஊர்களையும் மாற்றியிருக்கிறேன். அந்தக் குழந்தை இப்போது காலேஜில் படிக்கிறாள். அவளிடமும் அவள் அப்பா அம்மாவிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பிரபு பொள்ளாச்சிப் பக்கம், தேன்மொழி கரூர். இருவரும் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தார்கள். இலக்கியாவுக்கு அப்போது ஏழு வயது. பிரிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பிரபு ஃப்ரீமான்ட்டில் தனியாக அபார்ட்மென்ட் எடுத்திருந்தார். குழந்தை ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. அதில் அவர்களுக்குள் தகராறே இல்லை. செவ்வாய்க்கிழமைத் தாளில் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதினார்கள். இலக்கியா தயிர் சாதத்தில் மாதுளை போட்டால்தான் சாப்பிடுவாள் என்பது இரண்டிலும் இருந்தது. ரூத் அந்தத் தாள்களைப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு உன் உதவி அதிகம் தேவைப்படாது என்றார்.

தகராறு பயணத்தில் வந்தது. தேன்மொழியின் அப்பாவுக்குக் கோயம்புத்தூரில் இருதய ஆபரேஷன். கோடை விடுமுறையில் குழந்தையோடு ஆறு வாரம் போய்வர வேண்டும் என்றார். பிரபு முடியாது என்றார். குழந்தையின் பாஸ்போர்ட் அவரிடம் இருந்தது. அவர் பயத்தில் நியாயம் இருந்தது. குழந்தைகளைத் திருப்பி அனுப்புவதற்காகப் பல நாடுகள் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இந்தியா இல்லை. கூட்டிப் போனவர் திரும்பி வராவிட்டால், இங்கே நீதிபதி போட்ட உத்தரவைக் காட்டி அங்கிருந்து குழந்தையை அழைத்துவந்துவிட முடியாது. அங்கே போய்ப் புதிதாக வழக்குப் போட்டு வருடக்கணக்கில் அலைய வேண்டும். பிரபுவுடன் வேலை பார்த்த ஒருவர் தன் மகனை நான்கு வருடமாகப் போனில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு தடவை உட்கார்ந்து பேசினோம். ரூத்தின் பயணத்தாளை வரிவரியாக நிரப்பினோம். கடைசி வரிக்கு வந்ததும் தேன்மொழி பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். கரூரில் யாருக்கும் எதுவும் தெரியாதாம். பிரிந்ததே தெரியாதாம். வீடியோவில் அப்பாவும் அம்மாவும் பேசும்போது, பிரபுவுக்கு ஆபீசில் வேலை என்றே ஒரு வருடம் ஓட்டியிருக்கிறார். இதைக் கேட்டு எனக்கு ஆச்சரியமே வரவில்லை. நம் வீடுகளில் இது சகஜம். என்னிடம் வந்த தமிழ் ஜோடிகளில் பாதிப் பேர் விவாகரத்து முடிந்த பிறகும் ஊருக்குச் சொல்லாமல் இருந்தவர்கள்.

அங்கேதான் நான் புத்தியை அடகு வைத்தேன். ஆபரேஷன் நேரத்தில் அந்த மனுஷனிடம் போய் உன் மகள் வாழ்க்கை இப்படி ஆயிற்று என்று சொன்னால் உயிர் தங்குமா என்று எனக்குள்ளேயே கேட்டுக்கொண்டேன். "இப்ப எதுக்கும்மா சொல்லிக்கிட்டு, ஆபரேஷன் நல்லபடியா முடியட்டும்" என்று தேன்மொழியிடம் நானே சொன்னேன். கடைசி வரியில் 'தாயின் பெற்றோர்' என்று எழுதினேன். அவர்கள் வருகிறார்கள் என்பது அந்தப் பெற்றோருக்குத் தெரியும், அது உண்மை. உத்தரவு என்று ஒன்று இருப்பது தெரியாது. பாதி உண்மையை எழுதி, ரூத்தின் மேசையில் வைத்தேன். என் கையெழுத்தை நம்பி அவர் கையெழுத்துப் போட்டார்.

பிரபு அப்போதும் தயங்கினார். வெளியே வராந்தாவில் தண்ணீர்க் குழாய் பக்கத்தில் தனியாக நின்றிருந்தவரிடம் போனேன். அந்த அறைக்கு வெளியே கட்சிக்காரரிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது என்பது விதி. நான் போனது சமரசம் பேசுபவளாக இல்லை, எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தில் நடுவில் நிற்கும் பெரிய மனுஷியாக. "தம்பி, பெத்த அப்பனுக்கு ஆபரேஷன்னா பொண்ணு போகாம இருக்க முடியுமா சாமி? சொன்ன தேதிக்கு வந்துருவா. அதுக்கு நான் பொறுப்பு" என்றேன்.

"நீங்க சொல்றீங்கன்னா சரிங்க ஆன்ட்டி" என்று உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார். அன்று மாலை மலை இறங்கி வீட்டுக்குப் போகும்போது எனக்கு ஏக சந்தோஷம். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட மிதப்பில் வழியில் நிறுத்தி மைசூர்பாகு வேறு வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் பாதியில் பள்ளிக்கூடம் திறந்தது. இலக்கியா வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள் என்று தேன்மொழியிடமிருந்து மெசேஜ் மட்டும் வந்தது. வீடியோவில் பேசுவதாகச் சொன்ன நாட்களில் இரண்டில் போன் அடித்து அடித்து நின்றது. திரும்பும் தேதி போய்ப் பதினைந்தாம் நாள் பிரபு எங்கள் ஆபீசுக்கு வந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் தேவலை.

"உங்க பேச்சுக்காகத்தானுங்க ஆன்ட்டி கையெழுத்துப் போட்டேன்" என்றார். "பாப்பா வர்லீங்க."

நேராக ரூத்தின் அறைக்குப் போனேன். வராந்தாவில் பேசியது, கடைசி வரியில் எழுதியது, எதையும் விடாமல் சொன்னேன். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். அதைவிடப் பெரிய பயம், அந்தக் குழந்தையை அந்த அப்பா இனி எப்போது பார்ப்பார் என்பது. ரூத் குறுக்கே பேசாமல் கேட்டார். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அப்புறம் நிதானமாக ஆங்கிலத்தில் ஒன்று சொன்னார். நீ அவருக்கு ஒரு வாக்கைக் கொடுத்திருக்கிறாய், அது உன்னுடைய வாக்கே இல்லையே, தேன்மொழியுடையதாயிற்றே என்றார். நான் அழுதுவிட்டேன். அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, இப்போது வேலையைப் பார்ப்போம் என்று எழுந்தார்.

பிரபுவைக் கூப்பிட்டு, உடனே வக்கீலைப் பார்க்க வேண்டும், நீதிமன்றத்தில் முறையிடும் உரிமை உங்களுக்கு உண்டு, அதை எங்களுக்காகத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொன்னார். கூடவே, தேன்மொழி சம்மதித்தால் போன் வழியாக ஒருமுறை இருவரும் பேசிப் பார்க்கலாம் என்றார். பேச்சை அவரே நடத்துவதாகவும், இருவரும் அனுமதித்தால் நான் மூலையில் உட்கார்ந்து முதலில் என் தவறை ஒத்துக்கொள்வதாகவும் ஏற்பாடு. தேன்மொழி உடனே சம்மதித்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இங்கே காலை ஏழு மணி, கரூரில் இரவுச் சாப்பாட்டு நேரம். மேசை நடுவில் ஸ்பீக்கர் போன். ஒரு பக்கம் பிரபு, ஒரு பக்கம் ரூத். நான் முதலில் பேசினேன். நான் கொடுக்கக் கூடாத வாக்கைக் கொடுத்தேன், சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டாம் என்று சொன்னேன், இரண்டும் என் தவறு என்றேன். போனின் அந்தப் பக்கம் மொட்டைமாடிக் காற்று இரைந்தது.

வீட்டாருக்குக் கேட்காமல் மாடியில் நின்று தேன்மொழி பேசினார். "பாப்பாவ இங்கயே வச்சுக்கணும்னு நான் நெனைக்கல பிரபு. சத்தியமா நெனைக்கல. எப்படிக் கெளம்பறதுன்னுதான் தெரியல. அப்பா எந்திரிச்சு நடக்கறாரு. ஆவணில சித்தி பொண்ணு கல்யாணம், இருந்துட்டுப் போ, மாப்பிள்ளகிட்ட நான் பேசிக்கறேங்கறாரு. கோர்ட் தேதின்னு சொன்னா எந்தக் கோர்ட்டுன்னு கேப்பாரு. நான் என்ன சொல்லட்டும்?"

அப்போதுதான் எனக்கு ரூத்தின் கடைசி வரி புரிந்தது. நீதிபதி போட்ட தேதி இந்த அறையில் இரும்பு மாதிரி இருந்தது. கரூர் வீட்டில் அப்படி ஒரு தேதியே இல்லை. இல்லாத தேதிக்காகத் தேன்மொழி எப்படிப் பெட்டி கட்டுவார்?

தேன்மொழி இன்னும் முடிக்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு குழந்தையைப் பற்றிச் சொன்னார். கொங்குப் பக்கம் அம்மாவின் அப்பாவை அப்பிச்சி என்போம். "அப்பா வேற வீட்ல இருக்காங்கன்னு அப்பிச்சிகிட்ட சொல்லக் கூடாதுன்னு வர்றப்ப ஃப்ளைட்ல சொல்லி வச்சேன். அன்னில இருந்து அவ யார்கிட்டயும் பேசறதே இல்ல. அப்பா என்ன பண்றாருன்னு யாராச்சும் கேட்டா எந்திரிச்சுப் போயிடறா. ரெண்டு வாரமா எங்கிட்டயே பேச மாட்டேங்கறா."

பிரபு தலையைக் குனிந்துகொண்டார். வீடியோவில் குழந்தை பேசாமல் உட்கார்ந்திருந்ததற்கு அவர் வேறு காரணம் நினைத்திருக்க வேண்டும். நான் ரூத்தைப் பார்த்தேன். ரூத் ஒன்றும் சொல்லவில்லை. யாராவது ஒருவர் பேசும்வரை அந்த அமைதியை அப்படியே விட்டு வைப்பது அவர் வழக்கம். நானாக இருந்தால் அதற்குள் நான்கு யோசனை சொல்லியிருப்பேன்.

"கீழ போயி மாமாகிட்டப் போனக் குடு" என்றார் பிரபு.

"என்ன சொல்லப் போறீங்க?"

"நெசத்தத்தான்."

படியில் இறங்கும் செருப்புச் சத்தம் கேட்டது. ஆபரேஷன் செய்துகொண்ட மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்றே மனது அடித்துக்கொண்டது.

"மாமா, பிரபு பேசறேனுங்க. ஒடம்பு எப்படீங்க?" என்று ஆரம்பித்தார். அந்தப் பக்கமிருந்து தேவலை என்று பதில் வந்தது. பிரபு மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நானும் தேனும் இப்ப ஒண்ணா இல்லீங்க மாமா. ஒரு வருசத்துக்கு மேல ஆச்சுங்க. யாரு தப்புன்னு மட்டும் கேக்காதீங்க. கேட்டா நான் அவளச் சொல்லுவேன், அவ என்னயச் சொல்லுவா. பாப்பாவ ரெண்டு பேரும் நல்லாத்தான் பாத்துக்கறோம். இங்க ஜட்ஜு ஒரு தேதி போட்டுக் குடுத்துருக்காருங்க, அது தாண்டிருச்சுங்க. ஸ்கூலும் தொறந்துருச்சுங்க."

அந்தப் பக்கம் தெருவில் ஒரு பைக் போனது. யாரோ ஒரு பாத்திரத்தைக் கீழே வைத்தார்கள்.

"ரெண்டு பேரும் ஒரு தடவகூட ஒண்ணா உக்காந்து பேசலயே, எனக்கு அது தெரியாதுங்களா" என்றார் பெரியவர். தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி. டிக்கெட் என்னிக்குப் போடறது மாப்ள?"

மாப்ள என்றே சொன்னார். அதற்குமேல் என்னால் அங்கே பார்வையைச் செலுத்த முடியவில்லை. ரூத்துக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. ஆனாலும் டிஷ்யூ பெட்டியை முதலில் பிரபு பக்கமும் அப்புறம் என் பக்கமும் நகர்த்தினார். பெரியவர் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டார். டிக்கெட் தேதி கேட்கிறார் என்றேன். நல்ல கேள்வி என்று ரூத் பென்சிலை எடுத்தார்.

ஒன்பது நாள் கழித்து விமானம். அந்த ஒன்பது நாளில் என் கோப்பில் ஒரு கண்டனக் கடிதம் ஏறியது. ரூத் எழுதியது. எழுதி, என் முன்னாலேயே எனக்குப் படித்துக் காட்டினார். அதில் நான் செய்த இரண்டு தப்பும் இருந்தன. தானாக வந்து சொன்னார் என்பதும் இருந்தது. அடுத்த மூன்று மாதம் என் ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் ரூத் மூலையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அப்போது மானம் போகிறதே என்றிருந்தது. இப்போது நினைத்தால், தன் வேலையையும் பார்த்துக்கொண்டு மூன்று மாதம் எனக்காக அந்த நாற்காலியில் உட்கார ஒரு மனுஷிக்கு எவ்வளவு அக்கறை இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. என்னை வீட்டுக்கு அனுப்புவது அவருக்கு அதைவிடச் சுலபம். அதன்பிறகு நான் வேலை பார்த்த வருடங்கள் எல்லாம் ரூத் போட்ட பிச்சை. அவர் இருந்தபோதே இதை அவரிடம் சொன்னேன். நீ நன்றாக வேலை செய்தாய், அவ்வளவுதான் என்று பேச்சை மாற்றிவிட்டார்.

பிரபுவுக்கும் தேன்மொழிக்கும் நான் பட்ட கடன் வேறு. என்மேல் புகார் கொடுக்க அவர்களுக்கு எல்லா உரிமையும் இருந்தது. இருவரும் கொடுக்கவில்லை. விவாகரத்து ஆனவர்கள் என்றாலே முகத்தைச் சுளிக்கும் நம் ஆட்கள், அந்தக் காலை ஏழு மணிக்கு என்னோடு அந்த அறையில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று பலதடவை நினைத்திருக்கிறேன். சேர்ந்து வாழ முடியாத இரண்டு பேர் ஒரு குழந்தைக்காக எவ்வளவு நேர்மையாக இருக்க முடியும் என்பதைப் பார்க்க எனக்குச் சம்பளமும் கொடுத்தார்கள்.

அதனால் கார் பக்கத்தில் நின்ற ஃப்ரெண்டுகளுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். சட்டம் என்ன சொல்கிறது என்பதை நல்ல வக்கீல் சொல்வார், அவரிடம் கேளுங்கள். அதற்கு முன் உங்கள் அப்பா அம்மாவிடம் சொல்லுங்கள். அவர்களுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நீங்கள் நினைப்பதைவிட அவர்கள் கெட்டி. நீங்கள் சொல்லாத வரைக்கும் உங்களுக்காக அந்தப் பொய்யை உங்கள் குழந்தைதான் சுமந்துகொண்டிருக்கும்.

விமானம் வந்த மறுநாள் பிரபு ஆபீசுக்கு வந்தார். என்னிடம் பேச வேண்டும் என்று ரூத்திடம் அனுமதி கேட்டுக்கொண்டே வந்தார். ரூத்தும் உட்கார்ந்திருந்தார். பெரியவரே ஏர்போர்ட்வரை வந்து வழியனுப்பினாராம். கிளம்புவதற்கு முன்னால் பேத்தியை மடியில் உட்கார வைத்துக்கொண்டு, உங்க அப்பனுக்கு வேற வீடு இருக்குதாமா கண்ணு, அந்த வீட்ல உன்ற கட்டில் எந்தப் பக்கம் கெடக்குது என்று கேட்டிருக்கிறார். இவள் காகிதம் எடுத்து இரண்டு வீட்டையும் வரைந்து காட்டியிருக்கிறாள்.

இங்கே மூன்று பேரும் ஒரே காரில் வந்திருக்கிறார்கள். தேன்மொழியை அவர் வீட்டில் இறக்கிவிட்டு, பிரபுவின் வாரம் என்பதால் இலக்கியாவை ஃப்ரீமான்ட்டுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். குழந்தை என்ன சொன்னாள் என்று கேட்டேன். பிரபு சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"ஃப்ரீவே பூராவும் வாயே மூடலீங்க ஆன்ட்டி. ஆட்டுக்குட்டிங்கறா, அப்பிச்சிங்கறா, என்னென்னமோ சொன்னா. எனக்கு ஒரு வார்த்தயும் மண்டைல ஏறல. சத்தத்த மட்டும் கேட்டுக்கிட்டே வண்டி ஓட்டிட்டு வந்தேனுங்க."